தங்கை பொய்யாக ஒதுங்கி உட்கார்ந்த மாதங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிங்காநல்லூரில், மில்காரர்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்தோம். அப்பா மில்லில் ஃபிட்டர். வரிசையில் அம்மா வீடு ஒன்று; என்னைக் கட்டிக்கொடுத்த பிறகு நான்கு வீடு தள்ளி என் வீடு. எல்லா வீட்டுக்கும் பின்னால் பொதுவாக ஒரே திறந்த வாசல், அதன் கோடியில் தண்ணிக் குழாய், குழாய்க்குப் பக்கத்தில் விறகு அடுக்க சிமெண்டுச் சீட்டுப் போட்ட ஒரு கொட்டகை. மாதம் வந்தால் எந்த வீட்டுப் பெண்ணும் பகலெல்லாம் அந்தக் கொட்டகையில்தான். வேலைக்குப் போகிறவள் போய்விட்டு வந்து நேராக அங்கே போய்விடுவாள். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். தண்ணி பிடிக்க வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படும்.

இதைச் சொல்ல எங்கள் பெண்களிடம் எத்தனை பேச்சு இருந்தது. 'ஊட்டுக்குத் தூரம்' என்பார்கள். 'தலைக்கு ஊத்தியிருக்கறா' என்பார்கள். குறும்புக்காரிகள் 'கொட்டாய்க்குக் குடிபோயிட்டா' என்பார்கள். கல்யாணமானவள் போகவேண்டிய தேதியில் போகாமல் இருந்தால் 'முழுகாம இருக்கறாளாட்ட' என்று சிரிப்பார்கள். கல்யாணம் ஆகாதவள் போகாமல் இருந்தால் என்ன சொல்வது? அதற்கு மட்டும் எங்களிடம் பேச்சே இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போவார்கள். அந்தப் பேசாமைதான் பயம்.

குழாயை ஒட்டின வீட்டில் ஒரு அம்மா இருந்தார். வரிசையில் யாருக்கு என்றைக்கு என்று அவருக்கு அத்துபடி. "எங்க ஊட்டுக்காரருக்கே என்ர தேதி தெரியாதுங்க, இந்த லைனுக்குப் பூராத் தெரியும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கெட்டவர் கிடையாது. பிரசவம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் பார்த்ததை மறக்கத் தெரியாது.

நான் எட்டாவதோடு நின்றவள். பழைய ஜாக்கெட் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதன் துண்டுகளை வைத்தே தையல் பழகிக்கொண்டேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கி நிற்கிற நேரத்தில் மனசில் கிடப்பதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கும் கேட்கப் பிடிக்கும். எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றும் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

என் தங்கைக்கு அப்போது இருபது வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். ஆடி மாதத்திலிருந்து அவளுக்குத் தலைவலி. நெற்றியில் தைலம் இல்லாமல் பஸ் ஏற மாட்டாள். வேலையிலும் திட்டு விழ ஆரம்பித்தது. நடுவில் இருக்கிற ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள், ஓரத்தில் கிடக்கிற எண்ணெய்க் கறையை விட்டுவிடுகிறாள் என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டாராம். வீட்டில் வாசற்படி நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். "கல்யாணக் கனா கண்ணை மறைக்குதாட்ட" என்று அம்மா கேலி பண்ணுவாள்.

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. சொந்தத் தறி, ஒரே பையன். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா கூட்டத்தோடு கூட்டமாக, எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கிறதைத்தான் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, பொண்ணுக்கு எப்பொவுங்க நாளு? அதுக்குத் தகுந்தாப்பல முகூர்த்தம் பாக்கோணுமல்லங்க."

தங்கை காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. "மாசம் பொறந்து முத வாரத்துலீங்க. என்ர பொண்ணுக்கு ஒரு நாள் முன்னப் பின்ன ஆகாதுங்க" என்றாள். அதில் ஒரு பெருமை. பெண்ணுக்குப் போடுகிற நகையைச் சொல்வது போலச் சொன்னாள். தை மாதத்தில் முகூர்த்தம் என்று முடிவானது.

தலைவலி நிற்கவில்லை. அம்மா அவளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் கண் இமையை இறக்கிப் பார்த்துவிட்டு, "மாசாமாசம் சரியா வருதா?" என்றார். "அதெல்லாம் டாணுன்னு வந்துருங்க. போன வாரங்கூட உக்காந்திருந்தாளே" என்று அம்மா முந்திக்கொண்டாள். தங்கை தரையைப் பார்த்தாள். டாக்டர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். பெற்றவள் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள்.

கார்த்திகையில் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க அவளை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். தங்கை வந்து நின்றாள், ஆனால் முந்தானையை எடுக்கமாட்டேன் என்கிறாள்.

"பழைய ஜாக்கெட் அளவுலயே தெச்சிருக்கா."

"அது போன வருசத்து அளவு. கல்யாணப் பொண்ணு, போட்டோவுல சுருக்கம் சுருக்கமாத் தெரியும். கையத் தூக்கு."

நான்தான் இழுத்தேன். ஜாக்கெட்டின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து வட்டமாக இருந்தது. எனக்கு ஒரு பிள்ளை பிறந்து பால்குடி மறந்து அதிக நாள் ஆகவில்லை. அது என்ன ஈரம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டேப்பைப் பிடித்தபடி நின்றேன்.

"நீயும் அதையேதான் நெனைக்கறயாக்கா?" என்றாள் தங்கை.

கதவைச் சாத்தி உட்கார வைத்தேன். அழாமல்தான் சொன்னாள். ஆடிக்கு முன்னாலேயே நின்றுபோய்விட்டது. ஒரு மாதம் பார்த்தாள், வரவில்லை. அடுத்த மாதம் தேதி வந்தபோது குழாயடி அம்மா, "என்ன கண்ணு, பாய இன்னும் எடுக்கலயா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இவள் அன்றைக்கே பாயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள். ஒன்றும் இல்லாமலே உட்கார்ந்தாள். துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப் போட்டாள். மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். மாதாமாதம் அப்படியே. பிறகு ஈரம் கசிய ஆரம்பித்தது.

"சாமி சத்தியமாச் சொல்றேன், என்னைய ஒரு ஆம்பள தொட்டதில்லக்கா. இதை யாருகிட்டச் சொன்னா நம்புவாங்க?"

நான் நம்பினேன். எதை வைத்து என்றால் சொல்லத் தெரியாது. அவள் அதைச் சொன்ன விதம்தான். ஆனால் நான் நம்பி என்ன செய்ய? அம்மா நம்ப வேண்டும். அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கல்யாணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். தங்கையைக் கூப்பிட்டாள்.

"யாரு?" என்றாள்.

"யாருமில்லீங்கம்மா."

"நாலு மாசம் எங்கண்ணு முன்னால பொய்யா உக்காந்து எந்திரிச்சவ நீ. உனக்கு நா சோறு கொண்டுவந்து போட்டேன். இப்பொ நீ சொல்றத எதை வெச்சு நம்பறது?"

ஊர் வாய்க்குப் பயந்து செய்தது அம்மாவின் மனதைத்தான் முதலில் அடைத்துவிட்டது.

அப்பாவுக்குத் தலைவலி என்று மட்டும் சொல்லப்பட்டது. கடைசிவரை அவருக்கு அவ்வளவுதான் தெரியும். அம்மா வைத்தியத்தைத் தானே ஆரம்பித்தாள். எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்தாள், பப்பாளிக்காய் கொடுத்தாள், அன்னாசிப்பழம் கொடுத்தாள். எல்லாம் உடம்புச் சூட்டைக் கிளப்பி நாளை வரவைக்கும் என்று சொல்வார்கள். வேறொன்றுக்கும் இதையெல்லாம் கொடுப்பார்கள். அம்மா எதற்காகக் கொடுத்தாள் என்று மூன்று பேருக்கும் தெரியும். தங்கை எல்லாவற்றையும் தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஏதோ மாத்திரையும் வாங்கி வந்தாள் அம்மா. எதற்கும் ஒரு சொட்டும் வரவில்லை.

டவுனுக்குள் இருக்கிற ராமநாதபுரம் பக்கம் ஒரு லேபில் யூரின் டெஸ்ட் பண்ணி வாங்கி வந்தேன். கர்ப்பம் இல்லை என்று வந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா பேப்பரைக் கையில்கூட வாங்கவில்லை.

"இல்லாட்டிப் பாலு எங்கிருந்து வருது? இருந்திருக்கோணும். எங்கியோ போயிக் கலைச்சுப்போட்டு வந்திருக்கறா."

அந்தப் பேச்சு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கைக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் எதையும் விளக்கவில்லை.

அந்த வாரம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்பில் அவள் ரோட்டைக் கடக்கும்போது பக்கவாட்டில் வந்த டவுன் பஸ்ஸைப் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். கண்டக்டர் தொங்கிக்கொண்டே, "ஏம்மா, கண்ணு பொடனிலயா இருக்குது?" என்று கத்திவிட்டுப் போனாராம். வீட்டுக்கு வந்து நடுங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்து அம்மாவும் பயந்துவிட்டாள். வேண்டுமென்றே போய் விழப் பார்த்தாள் என்று நினைத்திருக்கிறாள். நான் கண்ணைக் காட்டலாம் என்றதும் மறு பேச்சுப் பேசாமல் கிளம்பினாள்.

கண் டாக்டர் ஒரு அம்மா. நடு வயது, நிதானமான பேச்சு. எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். தங்கை கடகடவென்று எல்லாவற்றையும் படித்தாள். பிறகு டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து விரலை ஆட்டினார்.

"ஆடுதா?"

"எதுங்க டாக்டர்?"

டாக்டரம்மா கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தார். கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் தங்கை "ஆ, தெரியுதுங்க" என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"மாசம் சரியா வருதாம்மா?"

கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் முழித்தேன். அம்மா வாயைத் திறந்தாள். "நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா. அக்கா இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. அம்மா என்னைப் பார்த்தாள். போனாள்.

தங்கை சொன்னாள். ஆடிக்கு முன்னால் நின்றது என்று மட்டும் சொன்னாள். டாக்டரம்மா யார் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டே, "மார்ல பால் மாதிரி ஏதாச்சும் வருதா?" என்றார். தலைவலி இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

தங்கை அன்றுதான் அழுதாள். ஒரு மாதமாக அடக்கி வைத்தது. டாக்டரம்மா தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். "இது ஒரு வியாதிம்மா. உன் தப்பு இதுல ஒண்ணுமில்ல" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா கைகாட்டிய பெரிய டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். அவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க பாலு குடுத்திட்டிருக்கைல உங்களுக்கு மாசம் வந்துதுங்களா?"

"வரலீங்க. இவளுக்கு ஒரு வருசத்துக்கு மேல குடுத்தேன். அது வரைக்கும் வரலீங்க."

"அதேதானுங்கம்மா. பாலு சொரக்க வெக்கற ஒரு சங்கதி ஒடம்புல இருக்குது. அது அதிகமானா மாசம் நின்னுபோகும். மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்குதுங்க, அங்கிருந்துதான் அது வருது. உங்க பொண்ணுக்கு அதுல ஒரு கட்டி வந்திருக்குது. குழந்தை இருக்குது, பாலு வேணும்னு அது பாட்டுக்குச் சேதி அனுப்பீட்டே இருக்குது. அந்தக் கட்டி கண் நரம்பையும் அமுத்துது. அதுனாலதான் ரண்டு ஓரமும் தெரியல."

"கட்டின்னா..." என்று அம்மா இழுத்தாள்.

"புத்துநோய் இல்லீங்க. பெரும்பாலும் மாத்திரைக்கே சுருங்கிப்போகும். சுருங்கலைன்னாத்தான் ஆபரேசனப் பத்திப் பேசோணும். இன்னுங் கொஞ்ச நாள் உட்டிருந்தாக் கண்ணு போயிருக்கும்."

அம்மா தான் கொடுத்த மாத்திரையைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். டாக்டர் கோபப்படவில்லை.

"மாசம் நின்னா மொதல்ல கர்ப்பமான்னு பாக்கறது சரிதானுங்க. இல்லைன்னு தெரிஞ்சா அதோட நிறுத்தக்கூடாது. தைராய்டுல கோளாறுன்னாலும் நிக்கும், சினைப்பைல கோளாறுன்னாலும் நிக்கும், திங்காம இளைச்சுப்போனாலும் நிக்கும், மனசு கெட்டுப்போனாலும் நிக்கும். வரவெச்சுட்டா ஆச்சுங்களா? ஏன் நின்னுதுன்னு பாக்கோணுமல்லங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தங்கை கையை இழுக்கவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. டாக்டர் சொன்னதை நம்புவது அம்மாவுக்குச் சுலபமாக இருந்தது. மகள் சொன்னது மகள் சொன்னதாகவே நடுவில் கிடந்தது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதியாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். முதல் சில வாரம் குமட்டல். படுக்கையிலிருந்து வேகமாக எழுந்தால் தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிடுவாள். அம்மா பக்கத்திலேயே இருந்து எழுப்பி விடுவாள். முதலில் கண் திறந்தது. ஒரு நாள் தையல் மிஷினுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவள், திரும்பாமலே, "அக்கா, உன்ர பையன் பட்டன் டப்பாவக் கவுக்கறான் பாரு" என்றாள். எனக்கு மிதி ஓடவில்லை. பிறகு ஈரம் நின்றது. மாதம் மட்டும் வரவில்லை. அதற்கு நாளாகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

பல்லடத்துக்காரர்களிடம் அம்மா உள்ளதைச் சொல்லி அனுப்பினாள். பொய் சொல்லிக் கட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. 'தலைல கட்டியாமா' என்று அவர்கள் ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கப் பேச்சாகி, தை மாதம் அந்தப் பையனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. தங்கை பொய்யாக உட்காருவதை நிறுத்தியிருந்தாள். மாதங்கள் போயின, கொட்டகைப் பக்கம் அவள் போகவில்லை. குழாயடியில் பேச்சு நிற்க ஆரம்பித்தது. அம்மா போனால் நகர்ந்து வழிவிட்டார்கள். மரியாதை மாதிரி இருக்கும், மரியாதை இல்லை. மூளைக்கடியில் சுரப்பி என்று, அளவு கொடுக்க வந்த ஒருத்தியிடம் நான் விளக்கப் போனேன். "அப்படியுமுண்டாக்கா?" என்று கேட்டுவிட்டு, ஊக்கு வைக்கிற இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

சித்திரை கடந்து ஒரு காலையில் நான் அம்மா வீட்டில் இருந்தேன். தங்கை குளியலறையிலிருந்து வந்து சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"அம்மா, வந்திருச்சுங்க" என்றாள்.

அம்மாவின் முகம் அப்படி விரிந்தது. "நெசமாவா கண்ணு?" என்று எழுந்தவள், மேலே கட்டி வைத்திருந்த பாயை எடுத்து உதறினாள். தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தேடி எடுத்தாள். கை பரபரத்தது. "போ, போயி உக்காரு. நாலு பேரு கண்ணுல படட்டும்."

"நா போகலீங்கம்மா."

"என்ன கண்ணு இது, இத்தன நாளுக் காத்திருந்து வந்திருக்குது. ஊருக்காவது ஒருக்கா உக்காரு."

"ஊருக்கு உக்காந்ததெல்லாம் போதுங்கம்மா. அன்னைக்கு ஒண்ணுமில்லாம உக்காந்தேன், எல்லாரும் நம்புனீங்க. வாயால சொன்னேன், நீங்க நம்பல. இன்னைக்கும் வாயாலதான் சொல்றேன். பாக்கோணும்னா குளியலறைல துணி கெடக்குது, போயிப் பாத்துக்குங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. முன்னறைக்குப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அந்த நாளில் யாரும் படுக்காத கட்டில் அது. அம்மா பாயைப் பிடித்தபடி நின்றாள். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது, இரண்டு எட்டு வைத்தால் போதும். அம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். பாயை மடித்து மேலே வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

நான் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் நாலைந்து பேர் இருந்தார்கள். குழாயடி அம்மா காலியாகக் கிடந்த கொட்டகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பரிதாபமாகத்தான் கேட்டார்.

"என்ன அம்மணி, பொண்ணுக்கு இன்னும் ஆகலையாட்டங்க?"

"ஆயிருச்சுங்க" என்றாள் அம்மா. "இன்னைக்குத்தானுங்க."

"எங்கியுங் காணமே?"

"உள்ள கட்டில்ல படுத்திருக்கறா."

"ஊட்டுக்குள்ளயா?"

"ஆமாங்க. ஊட்டுக்குள்ளதான்."

மற்றவர்கள் நகர்ந்து அம்மாவுக்கு வழிவிட்டார்கள். அவர்கள் நம்பவில்லை என்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். குடம் நிரம்பி வழிந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் என்னிடம், "அவளுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வெச்சுக்குடு, வயிறு வலிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.